வீட்ல ஈய புல்லட் வார்க்க கத்துக்கணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

டெக்சாஸ்_தஞ்சாவூரான்:

எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸ்ல ஒரு சின்ன ஊர்ல இருக்கேன். கிரீன் கார்டு வந்தப்புறம் ஒரு .38 ஸ்பெஷல் ரிவால்வர் வாங்கினேன், அவுட்டோர் ரேஞ்சுக்கு போயி பேப்பர் டார்கெட் சுடுறதோட சரி, வேட்டைக்கெல்லாம் போறதில்ல. சுட்டு முடிச்ச தோட்டாவோட காலி கேஸ எடுத்து திரும்ப லோட் பண்றத ஒரு நண்பர் கூட உக்காந்து ஒழுங்கா கத்துக்கிட்டாச்சு, அதுல சந்தேகம் எதுவும் இல்ல. புல்லட்ட மட்டும் இன்னும் கடையில வாங்கிட்டு இருக்கேன், அதையும் நாமளே ஈயத்த உருக்கி வார்த்துக்கலாமேன்னு ஆசை. காசு மிச்சம் ஆகுதோ இல்லையோ, கையால வார்த்த ஒண்ணு 25 கஜத்துல ஒரே இடத்துல போயி விழறத பாக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு.

வீடியோ நெறய பாத்துட்டேன், ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் சமையல் அடுப்புலயே சட்டிய வெச்சு உருக்குறார், இன்னொருத்தர் தலையிலேர்ந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு நிக்கிறார். எனக்கு தெரிய வேண்டியது இதுதான், கராஜ்ல செய்யலாமா இல்ல வெளியிலதான் செய்யணுமா, முதல்ல என்னென்ன வாங்கணும், ஈயம் எங்க கிடைக்கும். அம்மா ஊர்லேர்ந்து கொடுத்துவிட்ட ஈயச்சொம்பு ஒண்ணு ஓட்டை விழுந்து சும்மா கிடக்கு, அதையும் இதுல போடலாமா?

முக்கியமா ஒண்ணு. வீட்ல 4 வயசு பொண்ணு இருக்கா. வைஃப் இந்த விஷயத்துல ரொம்ப பயப்படுறாங்க, அவங்க பயம் நியாயம்னுதான் எனக்கும் படுது. அதனால செய்யவே கூடாதுன்னாலும் தயங்காம சொல்லுங்க, விட்டுடுறேன்.

ஒஹையோ_வார்ப்படம்:

வணக்கம் தம்பி. நான் கோயம்புத்தூர் பவுண்டரில வேல பாத்துட்டு இந்தப்பக்கம் வந்தவனுங்க, ரொம்ப வருஷமா ரிவால்வருக்கு வார்த்துட்டு இருக்கேன். செய்யலாமுங்க, ஆனா சமையல் அடுப்பு பக்கமே போகாதீங்க. ஈயம் தொட்ட சட்டி, கரண்டி, டப்பா எதுவும் மறுபடி சமையலறைக்குள்ள வரக்கூடாது, அது மொத சட்டம்.

ஈயம் உருகுறது 327 டிகிரி செல்சியஸ்ல, இங்கத்த கணக்குல 621 பாரன்ஹீட். வார்க்கும்போது அதுக்கு மேல கொஞ்சம் சூடு வேணும், 700லேர்ந்து 750 பாரன்ஹீட்டுக்குள்ள வெச்சுக்கோங்க, அதுக்கு மேல ஏத்தறதுல ஒரு லாபமும் இல்ல. தெர்மாமீட்டர் இல்லாம செய்யாதீங்க. பாத்திரம் வார்ப்பிரும்பா இல்ல ஸ்டீலா இருக்கணும், அலுமினியச் சட்டி இந்த சூட்டுல பலம் போயி கனம் தாங்காம விட்டுடும், பத்து கிலோ உருகின ஈயம் கால்ல விழுந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அடியில வால்வு வெச்ச எலக்ட்ரிக் பாட் நல்லது, லீ கம்பெனி 10 பவுண்டு 20 பவுண்டுன்னு விக்கிறாங்க, ரெண்டு குழி உள்ள அலுமினிய மோல்டும், அதாவது அச்சும், அவங்ககிட்டயே சல்லிசா கிடைக்கும். 158 கிரெயின் மோல்டு ஒண்ணு வாங்கிக்கோங்க, .38க்கு அதான் காலங்காலமா இருக்கறது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், அப்ப ஒரு பவுண்டு ஈயத்துல 44 புல்லட் வரும், கணக்கு போட்டுக்கோங்க.

இனிமே சொல்றத மட்டும் ரெண்டு தடவ படிங்க. உருகின ஈயத்துக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போச்சுன்னா அது அந்த நொடியே ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல விரியும், மேல இருக்கற ஈயத்த அப்படியே தூக்கி வெளிய அடிக்கும். மழையில நனைஞ்ச ஈயக்கட்டி, வேர்வை சொட்டு, பக்கத்துல வெச்ச சோடா கேன், எதுவா இருந்தாலும் இதேதான். பாட்ல ஈயம் உருகி இருக்கும்போது வெளியில கிடந்த ஈயத்த மேல போடாதீங்க, பாக்க காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் பொந்துல ஈரம் இருக்கும். குளிர்ந்த பாட்லயே போட்டு ஈயத்தோட சேத்து சூடேத்துங்க. முகத்துக்கு முழு ஷீல்டு, தோல் கையுறை, பருத்தி இல்லன்னா ஜீன்ஸ் துணி, மூடின ஷூ. பாலியஸ்டர் சட்டை தீப்பொறி பட்டா தோலோட ஒட்டிக்கும், அது வேண்டாமுங்க. செருப்பு போட்டுக்கிட்டு நிக்காதீங்க, நம்மாளுங்க பவுண்டரிலயே அப்படி நிப்பாங்க, பாத்து பாத்து வயிறு எரிஞ்சிருக்கு.

எடம் பத்தி கேட்டீங்க. கராஜ் கதவ முழுசா தொறந்து வாசல் ஓரமா, கூரைக்கு அடியில, காத்து உங்க முதுகுப் பக்கமிருந்து வெளிய போற மாதிரி. பழைய ஈயத்த உருக்கி சுத்தம் பண்ற வேல மட்டும் கண்டிப்பா திறந்த வெளியில, அதுவும் தனிச் சட்டியில. வார்க்கற பாட்ல அழுக்கு ஈயத்த போட்டா வால்வு அடைச்சிக்கும், சொட்டிக்கிட்டே இருக்கும்.

உருகினதும் மேல சாம்பல் நிறத்துல ஆடை கட்டும், அத உடனே வழிச்சு தூக்கிப் போடாதீங்க, அதுல டின், அதாவது வெள்ளீயம், இருக்குது. கொஞ்சம் காய்ஞ்ச மரத்தூள் போட்டு ஒரு மரக்குச்சியால அடியோட கலக்கி விடுங்க, மரத்தூள் கருகி அந்தக் கரி ஆக்சைடா போன டின்ன திரும்ப உலோகமாக்கி உள்ள தள்ளிடும். அப்புறம் மேல நிக்கற கருப்புத் தூள் மட்டும் வழிச்சு எடுத்து மூடி போட்ட தகர டப்பாவுல போடுங்க. அந்தத் தூள்தான் இந்த வேலையிலயே மோசமான விஷம், அத மட்டும் மறந்துடாதீங்க.

லேப்_அக்கா:

தம்பி, நான் நியூஜெர்சில ஒரு கிளினிக்கல் லேப்ல வேலை பாக்கறேன், துப்பாக்கி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா ரத்தத்துல ஈயம் பாக்கற டெஸ்ட் தெனமும் கையில வருது, அதனால எழுதறேன். மேல சார் கடைசியா தூள் பத்தி சொன்னாரே, உங்க பொண்ணுக்கு வரக்கூடிய ஆபத்து முழுக்க அங்கதான் இருக்கு. எல்லாரும் புகைய பாத்து பயப்படுவாங்க, ஈயம் கொதிக்கறதுக்கு 1700 டிகிரி செல்சியஸ் தாண்டணும், நீங்க வெச்சிருக்கற சூட்டுல ஆவி ரொம்ப ரொம்ப கம்மி. கசடுத் தூள் கையில ஒட்டி, ஷூ அடியில ஒட்டி, சட்டையில ஒட்டி வீட்டுக்குள்ள கார்ப்பெட்டுக்கு வரும், குழந்தை தரையில விளையாடிட்டு விரல வாயில வெப்பா. பெரியவங்க உடம்பு எடுத்துக்கறத விட நாலஞ்சு மடங்கு ஈயத்த குழந்தை உடம்பு எடுத்துக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அது மூளை வளர்ச்சியில போயி உக்காரும், வெளியில ஒரு அறிகுறியும் தெரியாது.

2007, 2008ல செனகல் நாட்டுல தியாரோய்னு ஒரு ஊர்ல பழைய பேட்டரிய உடைச்சு ஈயம் எடுத்துட்டு இருந்தாங்க, அந்த மண்ணுலயும் தூசிலயும் இருந்து 18 குழந்தைங்க செத்துப் போச்சு. நீங்க செய்யப் போறது அந்த அளவு வேலை கிடையாது, நல்லாத் தெரியும். ஆனா தூசி எப்படி வீட்டுக்குள்ள வருதுங்கறது ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

அதனால தயவுசெஞ்சு இத செய்யுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கும் பொண்ணுக்கும் ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க, விரல் குத்தி எடுக்கறதுல கூட வந்தா நரம்புல எடுத்து உறுதி பண்ணிக்கோங்க. குழந்தைங்களுக்கு அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையம் சிடிசி 2021லேர்ந்து டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க, அதுக்கு கீழ இருந்தா பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல, அதுக்கு மேல போனா உடனே கவனிக்கணும்னு அர்த்தம். முன்னாடியே எடுக்கச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, நம்ம வீடுகள்ல வேற வழியாவும் ஈயம் வரும். கலப்பட மஞ்சள்தூள், சில குங்குமம், பஸ்பம் செந்தூரம் மாதிரி சில நாட்டு மருந்துங்க, இதுலல்லாம் இங்க டெஸ்ட் பண்ணி ஈயம் கண்டுபிடிச்சிருக்காங்க. ஏற்கனவே எவ்ளோ இருக்குன்னு தெரியாம அப்புறம் எது கூட்டுச்சுன்னு எப்படி சொல்றது?

வார்க்கறதுக்குன்னு ஒரு செட் துணி ஒரு ஜோடி ஷூ தனியா வெச்சு கராஜோட நிறுத்திடுங்க, அத தனியா துவைங்க. துடைப்பத்தால பெருக்காதீங்க, ஈரத்துணியால துடைச்சு அந்தத் துணிய பையில கட்டிப் போடுங்க. அந்த இடத்துல தண்ணி குடிக்கறது, வெத்தலை பாக்கு, சிகரெட், ஒண்ணும் வேணாம். முடிச்சதும் கை முகம் கழுவிட்டு குளிச்சிட்டுத்தான் குழந்தைய தூக்கணும். வைஃப் கர்ப்பமா இருந்தாலோ அப்படி எண்ணம் இருந்தாலோ இந்த ஆசைய கொஞ்ச வருஷம் தள்ளி வைங்க, ஈயம் எலும்புல போயி பல வருஷம் தங்கும், கர்ப்பத்துல எலும்பு கரையும்போது அதுவும் சேந்து ரத்தத்துக்கு வரும். இரும்புச்சத்தும் கால்சியமும் கம்மியா இருந்தா உடம்பு ஈயத்த இன்னும் அதிகமா உள்ள இழுத்துக்கும், பொண்ணுக்கு பால், கீரை எல்லாம் ஒழுங்கா குடுங்க.

டெக்சாஸ்_தஞ்சாவூரான்:

அக்கா ரொம்ப நன்றி, உங்க பதில அப்படியே வைஃப்கிட்ட படிச்சுக் காட்டினேன். மூணு பேருக்கும் டெஸ்ட்டுக்கு சொல்லியாச்சு, ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒண்ணும் தொடப் போறதில்ல. சார், ஈயம் பத்தி கேக்க விட்டுப் போச்சு. பக்கத்துல டயர் கடையில கழட்டிப் போட்ட வீல் வெயிட், அதாவது சக்கரத்த பேலன்ஸ் பண்ண மாட்டற எடை, ஒரு பக்கெட் நிறைய இருக்கு, தர்றேன்னு சொல்றாங்க, வாங்கலாமா? பழைய கார் பேட்டரியும் ரெண்டு கராஜ்ல கிடக்கு. மாஸ்க் எது வேணும்?

சிவகாசி_அச்சுக்கூடம்:

பேட்டரிய தொடாதீங்க அண்ணா. ஆசிட் ஒரு பக்கம், இப்ப வர்ற பேட்டரி தகட்டுல கால்சியம், ஆர்சனிக், ஆன்டிமனி எல்லாம் கலந்திருக்கும், அத உருக்கின கசடுல ஈரம் பட்டா ஆர்சைன், ஸ்டிபைன்னு உசுர எடுக்கற வாயு வர வாய்ப்பு இருக்கு. ரெண்டையும் கடையில திருப்பிக் குடுத்தா கொஞ்சம் காசாவது வரும்.

நான் அரிசோனால இருக்கேன், எங்க குடும்பம் சிவகாசில அச்சுக்கூடம் வெச்சிருந்தவங்க. ஈய எழுத்த கையால கோத்து அச்சடிச்ச காலத்துல வளந்ததால இந்த உலோகக் கலவை மேல எனக்கு தனி பிரியம். அச்சு எழுத்தும் நீங்க வார்க்கப் போற புல்லட்டும் ஒரே மூணு உலோகம்தான், ஈயம், ஆன்டிமனி, டின். லினோடைப்ங்கற வரி வரியா எழுத்து வார்க்கற மெஷின்ல ஓடின உலோகத்துல 84 சதவீதம் ஈயம், 12 ஆன்டிமனி, 4 டின். ஆன்டிமனி கடினத்த குடுக்கும், டின் உருகின உலோகத்த அச்சோட மூலை முடுக்குல எல்லாம் ஓட வைக்கும். எழுத்தோட சுழி தெளிவா விழணும்னா டின் வேணும், புல்லட்டோட அடி விளிம்பு கூர்மையா வரணும்னாலும் அதே டின்தான். இங்க பழைய பிரஸ் மூடும்போது லினோடைப் உலோகம் கிடைச்சா புல்லட் வார்க்கறவங்க தேடிப் போயி வாங்குவாங்க, அத அப்படியே ஊத்தாம சுத்த ஈயத்தோட கலந்துதான் பயன்படுத்தறது.

கடினம் எவ்வளவு வேணும்ங்கறதுல நெறய பேர் தப்பா நினைக்கறாங்க, எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லதுன்னு. கடினத்த அளக்கற பிரினெல் கணக்குல சுத்த ஈயம் 5, வீல் வெயிட் 12 போல, லினோடைப் 22. உங்க .38 ஸ்பெஷல் வினாடிக்கு 800 அடி போலத்தான் போகும், அதுக்கு இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு டின் போட்டாலே, பிரினெல் 10 போல வரும், அது தாராளமா போதும். குழாய்க்குள்ள ஈயம் ஒட்டறது பெரும்பாலும் புல்லட் மென்மையா இருக்கறதால வர்றதில்ல, அளவு சின்னதா இருக்கறதால சூடான வாயு பக்கத்துல புகுந்து ஈயத்த அரிச்சு எடுக்கறதால வர்றது. குழாய் .357 இன்ச்னா வார்த்த புல்லட் .358 இருக்கணும். ஒரு மைக்ரோமீட்டர் வாங்கிக்கோங்க, பாட்டுக்கு அடுத்தபடி அதுதான் முக்கியம்.

வீல் வெயிட் விஷயம். முன்னாடி எல்லாம் பக்கெட்ட அப்படியே வாங்கிட்டு வருவாங்க, இப்ப பாதிக்கு மேல இரும்பும் துத்தநாகமுமா இருக்கும், கலிபோர்னியா, வாஷிங்டன் மாதிரி சில மாநிலத்துல ஈய வெயிட்ட தடையே பண்ணிட்டாங்க. ஒவ்வொண்ணா கையில எடுத்து பிரிக்கணும். கட்டிங் பிளேயரால கிள்ளிப் பாருங்க, ஈயம்னா சுலபமா பதியும், துத்தநாகம் பதியாது, தரையில போட்டா கணீர்னு சத்தம் வரும். துத்தநாகம் 787 பாரன்ஹீட்லதான் உருகும், உருக்கற சட்டிய 700க்கு கீழ வெச்சிருந்தா தப்பிச்சு வந்த ஒண்ணு ரெண்டும் மேல மிதக்கும், கரண்டியால எடுத்துடலாம். அது கலந்துடுச்சுன்னா கஞ்சி மாதிரி திரிஞ்சு அச்சுல சரியா இறங்காது. கிளிப் வெச்ச வெயிட்ல 3 சதவீதம் போல ஆன்டிமனி இருக்கும், ஒட்டற வெயிட் கிட்டத்தட்ட சுத்த ஈயம், ரெண்டையும் தனித்தனியா வைங்க.

ஆனா என் கருத்து கேட்டீங்கன்னா, வீட்ல சின்னக் குழந்தை இருக்கும்போது அந்த பக்கெட் வேணாம். டயர் கடை அழுக்கு, எண்ணெய், தூசி, அத உருக்கி சுத்தம் பண்றதுலதான் பாதிக்கு மேல கசடு வரும். அளவு குறிச்சு கலந்த சுத்தமான அலாய் கட்டியாவே ஆன்லைன்ல விக்கிறாங்க, விலை கூடத்தான், ஆனா லேப் அக்கா சொன்ன தூள் வேலை பெரும்பகுதி உங்க வீட்டுக்கு வராமலே போயிடும். கசடு வழிக்கும்போதும் பாட் சுத்தம் பண்ணும்போதும் பி100 ஃபில்டர் போட்ட பாதி முக மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் இதுக்கு உதவாது.

ஈயச்சொம்பு வெள்ளீயம், அதாவது டின். நல்லதா இருந்தா கலவைக்கு நல்லாவே உதவும், ஆனா கடையில காரீயம் கலந்த சொம்பும் விக்கிறாங்க, அதனால அத கணக்கு வெச்சு கலவை போட முடியாது. அம்மா குடுத்தது, ரசம் வெக்காம ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க.

அருவிக்கரை77:

ஒரு விஷயம் யாரும் சொல்லல, அதனால சொல்றேன். அண்ணனுக்கு கிரீன் கார்டு இருக்கு, பிரச்சனை இல்ல. இத படிக்கற மத்தவங்க எச்1பி, எஃப்1 மாதிரி விசால இருந்தா கவனமா இருங்க, அமெரிக்க பெடரல் சட்டப்படி அந்த மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கியும் வெச்சிருக்கக்கூடாது, அம்யூனிஷனும், அதாவது தோட்டாவும், வெச்சிருக்கக்கூடாது, செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும்தான் உண்டு. சட்டத்துல அம்யூனிஷன்ங்கற வார்த்தைக்குள்ள வெறும் புல்லட்டும் அடங்கும். சொந்த உபயோகத்துக்கு வார்க்க பெடரல் லைசென்ஸ் தேவையில்ல, ஆனா நல்லா வருதேன்னு நண்பருக்கு விக்க ஆரம்பிச்சா தயாரிப்பாளர் லைசென்ஸ் வேணும். மாநிலத்துக்கு மாநிலம் வேற சட்டமும் இருக்கு, கலிபோர்னியால 2019 ஜூலைலேர்ந்து வேட்டைக்கு ஈய புல்லட்டே கூடாது.

தமிழ்நாட்டுலேர்ந்து படிக்கறவங்க இத முயற்சியே பண்ணாதீங்க. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது பெரிய குற்றம், 2019ல தண்டனைய இன்னும் கூட்டிட்டாங்க.

அண்ணா நீங்க ஊருக்கு போகும்போது ரேஞ்சுக்கு எடுத்துட்டு போற பைய எந்தக் காரணத்துக்கும் பயணப் பையா எடுத்துடாதீங்க. ஓரத்துல ஒரே ஒரு தோட்டா தெரியாம கிடந்தாலும் சென்னை ஏர்போர்ட்ல ஸ்கேனர்ல மாட்டும், இந்தியா முழுக்க ஏர்போர்ட்ல இந்த மாதிரி கேஸ் அடிக்கடி பதிவாகுது. தெரிஞ்சு வெச்சிருக்கலன்னு கோர்ட்ல நிரூபிச்சு வெளிய வர்றதுக்குள்ள லீவு முடிஞ்சு போயிடும், வேலையும் போயிடும்.

டெக்சாஸ்_தஞ்சாவூரான்:

எல்லாருக்கும் அப்டேட். டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு, பொண்ணுக்கும் வைஃப்க்கும் ரொம்ப கம்மி, எனக்கு மட்டும் கொஞ்சம் இருக்கு, இன்னும் ஈயத்த தொடவே இல்லையே எப்படின்னு புரியல. அலாய் கட்டி வாங்கி, நேத்து பொண்ணையும் வைஃபையும் அவங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டு முதல் தடவையா வார்த்தேன். 720ல வெச்சிருந்தேன். புல்லட் எல்லாம் தோல் சுருங்கின மாதிரி சுருக்கம் சுருக்கமா வருது, அடி விளிம்பு வட்டமா மழுங்கி இருக்கு. கடைசில வந்த சிலது மட்டும் பரவாயில்ல. சூட்ட ஏத்தணுமா?

லேப்_அக்கா:

ரேஞ்சுதான் தம்பி காரணமா இருக்கும். கேஸ் அடியில மருந்த பத்த வெக்கற பிரைமர்ல லெட் ஸ்டிஃப்னேட்னு ஒரு ஈயச் சேர்மம் இருக்கு, ஒவ்வொரு தடவ சுடும்போதும் நேரா உங்க முகத்துக்கு முன்னாடி நுண்தூளா வரும், மூச்சுல போறது வயித்துல போறத விட வேகமா ரத்தத்துல சேரும். காலி கேஸ காய்ஞ்ச மீடியால, அதாவது தேச்சு சுத்தம் பண்ற துகள்ல, போட்டு சுத்தம் பண்றீங்கன்னா அந்தத் தூசியும் அதேதான், தண்ணி ஊத்தி கழுவற முறைக்கு மாறிக்கோங்க. எண்ண டாக்டர்கிட்ட காட்டிட்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுங்க. ரேஞ்சுலேர்ந்து வந்ததும் அதே சட்டையோட பொண்ண தூக்கறத நிறுத்துங்க.

ஒஹையோ_வார்ப்படம்:

பாட் சூட்ட ஏத்தாதீங்க தம்பி, 720 சரிதானுங்க. கடைசில வந்தது மட்டும் நல்லா இருந்துச்சுன்னா மோல்டு அப்பத்தான் சூடாகியிருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மோல்டோட ஒரு மூலைய உருகின ஈயத்துல அரை நிமிஷம் போல தொட்டு வைங்க, ஈயம் அதுல ஒட்டாம வழுக்கி விழுந்தா சூடு வந்துடுச்சு. அப்படியும் சுருக்கம் வந்துச்சுன்னா கம்பெனிக்காரன் துரு பிடிக்காம இருக்கப் போட்ட எண்ணெய் குழியில இன்னும் இருக்குது. பாத்திர சோப்புப் போட்டு பழைய டூத்பிரஷ்ஷால சுடுதண்ணில தேச்சுக் கழுவி, நல்லா ஈரம் போகக் காய வெச்சு, அப்புறம் சூடேத்துங்க.

கொஞ்சம் வேகமா ஊத்துங்க, மோல்டோட மேல தகட்டுல தாராளமா ஒரு குமிழ் நிக்கட்டும், உள்ள இறுகும்போது அதுலேர்ந்துதான் உலோகம் கீழ இழுத்துக்கும், குமிழ் சின்னதா இருந்தா அடி பள்ளமா போயிரும். குமிழ் நடுவுல லேசா குழி விழுந்து பளபளப்பு மங்கினதும் வெட்டுங்க. மோல்டு மேல சுத்தியலால அடிக்காதீங்க, அலுமினியம் நசுங்கிரும், கைப்பிடி சேர்ற போல்ட்டு மேல ஒரு மரக்கட்டையால தட்டினா போதும், மடிச்ச பழைய டவல் மேல விழட்டும். போகப் போக புல்லட் வெள்ளையா பூத்த மாதிரி வந்தா மோல்டு அளவுக்கு மேல சூடாயிருச்சுன்னு அர்த்தம், கொஞ்சம் வேகத்த கொறச்சுக்கோங்க, பூத்தது சுடறதுக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல.

புல்லட்டோட மூக்குல சின்ன வடு இருந்தா விட்டுடலாம். அடி விளிம்பு மழுங்கினது ஒண்ணையும் வெச்சுக்காதீங்க, வாயு வெளியேற எடத்துல ஒரு பக்கம் கொஞ்சம் முந்தினாலே புல்லட் கோணிக்கிட்டுப் போகும், நீங்க ஆசைப்பட்ட அந்த 25 கஜக் கூட்டம் கைக்கு வராது. நேத்து வார்த்ததுல கழிச்சதெல்லாம் எங்கயும் போயிடல, குளிர்ந்த பாட்ல போட்டு மூடி வைங்க, அடுத்த தடவ அதையே உருக்கி ஊத்திக்கலாம்.